ஊதாக் கோடு

எங்கள் மிசூரியில் மரத்தில் ஊதாக் கோடு இருந்தால்
உள்ளே வராதே என்று பொருள்.
பலகை மாட்டினால் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.
கோட்டைப் பிடுங்க முடியாது.
ஆகஸ்ட் வெயிலில் எண்பது ஏக்கரையும் சுற்றி
நூறடிக்குள் ஒன்றாக இழுத்தேன்,
பூட்ஸில் இன்னும் ஒட்டியிருக்கிறது.
ஓக் மரங்களுக்கு அது புரியவில்லை,
மான்களுக்கும்.
புரிய வேண்டியவனுக்குப் புரிந்துதான் இருந்தது.

முதல் கேமரா செப்டம்பரில் போனது.
இரண்டாவது, கட்டியிருந்த பட்டையோடு.
மூன்றாவதில் மெமரி கார்டை மட்டும் உருவிக்கொண்டு
மூடியைச் சரியாகச் சாத்திவிட்டுப் போயிருந்தான்.
மழை உள்ளே இறங்கிவிடுமே என்ற கவலை
திருடனுக்கும் இருந்திருக்கிறது.

துணை ஷெரிப் ஹெல்ம்ஸ்
வண்டியை விட்டு இறங்காமலே எழுதிக்கொண்டார்.
"சீரியல் நம்பர் இருக்கா, லோரீன்?"
இல்லை.
"யார் மேலயாவது சந்தேகம்?"
பத்தொன்பது வருஷமாக இந்தச் சாலைக்கு
நான்தான் தபால் போடுகிறேன்.
யார் பெட்டிக்கு என்ன நிற உறை வருகிறதென்று தெரியும்.
சந்தேகப்பட ஆரம்பித்தால் யாரும் மிஞ்சமாட்டார்கள்.
இல்லை என்றேன்.

நான்காவதை இடுப்புயரத்தில் கட்டினேன்,
எலிப்பொறித் தீனி மாதிரி, பளிச்சென்று.
ஐந்தாவதை எதிர் ஹிக்கரியில், பதினைந்தடி மேலே,
அந்தக் கேமராவும் என் ஏணிப்பரணும்
ஒரே சட்டத்துக்குள் விழும்படி.
முழங்கால் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எட்டாம் நாள் சமையலறை மேசையில் படங்களைத் திறந்தேன்.
ரக்கூன்.
ரக்கூன்.
யாருமில்லை, கிளை ஆடியிருக்கிறது.
காது கிழிந்த பெண்மான்.
மறுபடி ரக்கூன், இந்தத் தடவை முதுகு மட்டும்.
அப்புறம் அதிகாலை நாலு பதினொன்றுக்கு
விளக்கில்லாமல் ஓர் ஆள்.

முகம் தெரியவில்லை. எனக்கு முகம் தேவையுமில்லை.
இடது தோளை முன்னே விட்டு நடக்கிற நடையை
வாரத்தில் ஆறு நாள் வண்டிக் கண்ணாடி வழியே பார்க்கிறேன்.
டெல்பர்ட் யோகம்.
மின்சாரக் கம்பெனியின் சிவப்பு உறை
இந்தப் பருவத்தில் இரண்டு போட்டிருக்கிறேன் அவனுக்கு.

வந்தவன் சங்கிலியை அறுக்கவில்லை.
பரணில் ஏறினான்.
உட்கார்ந்தான்.
துப்பாக்கி இல்லை, வில் இல்லை,
கைகள் தொடைமேல்.
ஐந்து இரண்டு. ஐந்து நாற்பது.
ஆறேகாலுக்குக் கிழிந்த காது அவன் காலடியிலேயே நிற்கிறது,
பின்னால் இரண்டு குட்டிகள்.
அவன் அசையவில்லை.
ஆறு சீசனாக அந்தப் பரணில் உட்காருகிறேன்,
ஒரு நாளாவது அப்படி இருந்ததில்லை நான்.
மூக்கு அரிக்கும், பிளாஸ்க் உருளும்,
எவனாவது வந்துவிட்டானோ என்று வேலிப்பக்கமே பார்வை.

ஏழு நாற்பத்தெட்டுக்கு இறங்கினான்.
சங்கிலி, ஏணி, இருக்கை, கேமரா.
கடைசிப் படத்தில் வெறும் மரம்,
பரண் அழுந்திய இடத்தில் வெளிறிய தழும்பு.

மொத்தம் முப்பத்தொரு படம்.
ஹெல்ம்ஸிடம் மூன்றைக் கொடுத்தேன்.
வருவது, அறுப்பது, தூக்கிக்கொண்டு போவது.
"இப்பத்தான் இது கேஸ்" என்றார், உற்சாகமாக.
கேமரா மூன்று, கார்டு ஒன்று, ஏணிப்பரண் ஒன்று.
"அத்துமீறலையும் சேர்த்துடலாமா?
எவ்வளவு நேரம் உள்ள இருந்தான்?"
மூன்று மணி முப்பத்தேழு நிமிடம்.
தெரியாது என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனென்று
அந்தப் பேனாவுக்கு என்னால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் மூன்றாவது சிவப்பு உறை.
அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்,
சம்மன் இன்னும் போய்ச் சேரவில்லை.
எப்போதும் போலக் கையைத் தூக்கினான்.
யோசிப்பதற்குள் என் கையும் எழுந்துவிட்டது.

புதுப் பரணுக்கு இரண்டு சங்கிலி போட்டிருக்கிறேன்.
கோடு மங்கிய இடங்களில் மறுபடி பூச்சு.
சீரியல் நம்பரை இந்தத் தடவை குறித்து வைத்தேன்,
கைக்குக் கிடைத்த உறையின் பின்பக்கம்.
சிவப்புதான்.
என் பேருக்கு வந்தது.