இருக்கலாம்

ஏப்ரலில் வின்னிபெக் வீதிகள் வாய் பிளக்கும்.
பனி கரைந்து, தார் உதிர்ந்து,
பெம்பினா நெடுஞ்சாலை முழுக்கக் குழி.
மற்றவர்களுக்கு அது குழி.
எனக்கு ஒவ்வொரு 'டக்'கும் ஓர் ஆள்.

திரும்பிப் போய்ப் பார்ப்பேன்.
யாரும் இல்லை.
பார்க்கத் திரும்பிய வழியில் இன்னொரு 'டக்'.
அதற்காக இன்னொரு தடவை.
மூட்டுவலிக்காரத் திருமதி வாசிலுக்
காலை எட்டு மணி மருந்துக்குப்
பத்தரை வரை கதவைப் பார்த்திருந்தார்.
நான் கன்பியூஷன் கார்னரைப்
பதினோராம் முறை சுற்றிக்கொண்டிருந்தேன்.
(அந்தச் சந்திக்கு ஊரார் வைத்த பெயர்.
எனக்காகவே வைத்தார்கள் என்று நினைத்திருந்தேன்.)

இரவில், போன் வெளிச்சத்தில், பம்பரைத் தடவுவேன்.
உப்பு. சேறு.
சிவப்பாய்ப் பொட்டளவு தெரிந்தால்
துருவா என்று நகத்தால் சுரண்டுவேன்.
பிறகு குகேந்திரனை எழுப்புவேன்:
"நான் ஒருத்தரையும் இடிக்கேல்லைத்தானே?"
"இல்லையம்மா, படு."
அந்த 'இல்லை' முதலில் இரண்டு மணி நேரம் தாங்கியது.
பிறகு இருபது நிமிடம்.
கடைசியில்
அவர் சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

குடும்ப மருத்துவர்தான் லிகாயாவிடம் அனுப்பினார்.
செல்கிர்க் அவென்யூ, பல் வைத்தியருக்கு மேல்மாடி.
போரைப் பற்றிக் கேட்பாள் என்று
பதில்களை அடுக்கி எடுத்துப் போயிருந்தேன்.
அவள் கேட்டது,
"அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?"
மேசையில் தட்டிக் காட்டினேன்.
"இதைவிட மெதுவாகவா?" அவளும் தட்டிப் பார்த்தாள்.
பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக
அது இன்னொருவர் காதிலும் விழுந்தது.

"நான் கொலைகாரியா?" என்றேன்.
இல்லை என்று சொல்லத்தானே சம்பளம் என்று நம்பினேன்.
தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்:
"அந்தப் பதிலை நான் தர மாட்டேன்.
மனமில்லாமல் அல்ல.
தந்தாலும் படி இறங்கும்வரைதான் உங்களுடன் வரும்."

கோபம்.
கார்க் கதவை அறைந்து சாத்தினேன்.
அடுத்த வியாழன் மறுபடியும் போனேன்.
திரும்பிப் போவதுதான் எனக்கு நன்றாக வருமே.

"நிச்சயமில்லாததற்கு உங்கள் பாஷையில் என்ன சொல்?"
"இருக்கலாம்."
"இருக்கலம்" என்றாள்.
நெடில் வேண்டும், கலம் என்றால் பாத்திரம் என்றேன்.
"அதுவும் வேண்டும்,
கொஞ்ச நேரம் ஏந்தி வைத்திருக்க."

ஒரு நாள் குகேந்திரனையும் கூப்பிட்டு
அதே சொல்லை அவர் கையிலும் கொடுத்தாள்.
அன்றிரவு,
"இடிக்கேல்லைத்தானே?"
இருட்டில் நெடுநேரம் மூச்சு மட்டும்.
"தெரியாதம்மா. இருக்கலாம்."
உடைந்தது அவர் குரல்தான்.
எழுந்துபோய்க் கேத்தலைப் போட்டார்.
விடியும்வரை பிளேன்டீ குடித்தோம்,
சர்க்கரை போட மறந்து.
பம்பர் வெளியே தன்பாட்டில் நின்றது.

ஜூனில் லிகாயா என் காரில் ஏறினாள்.
பெம்பினா. டக்.
"பத்துக்கு எவ்வளவு பயம்?"
"ஒன்பது."
"உங்கள் ஓட்டத்துக்கு எனக்கே நாலு" என்றாள்.
சிரிப்பு வந்தது. ஒன்பது இறங்கவில்லை.

சிவப்பு விளக்கு.
எட்டரை. மறுபடி ஒன்பது.
பக்கத்து லேனில் ஒரு பையன்
ஐஸ் காப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
பின்னால் யாரோ வீதியில் கிடக்கலாம்.
கிடக்காமலும் இருக்கலாம்.
லிகாயா தன் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.
எனக்காகவும் பார்க்கவில்லை.

பிறந்ததிலிருந்து பேசும் மொழியை
அந்தச் சிவப்பில்தான் கவனித்தேன்:
மழை வரலாம்.
உள்ளே வரலாம்.
ஐயத்துக்கும் அனுமதிக்கும்
ஒரே வால்.

பச்சை.
ஸ்டியரிங் என் வியர்வையில் வழுக்கியது.
மணி ஏழு ஐம்பது.
திருமதி வாசிலுக்குக்கு எட்டு மணிக்கு மருந்து.

போகலாம்.