என்னுடையவன் அல்ல

ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்றாம் ஆண்டின் தோல் ஏடு.
கன்றுத்தோல். மயிர்க்கால்கள் இன்னும் தெரிகின்றன.
பூடிஷின் நகர நூலகத்தில்
பதினொரு நாளாக அதே பக்கத்தில் இருக்கிறேன்.
மடத்துக்கு யார் எத்தனை கோழி,
எத்தனை குடம் தேன்.

எழுதியவன் ஜெர்மானியத் துறவி.
எங்கள் சொர்பிய மொழி
அவன் வாய்க்குள் போட்ட கூழாங்கல்.
எங்கள் 'ஷ'வை நான்கு விதமாக எழுதுகிறான்,
நான்கும் தவறு.
மிலோஸ்லாவ் ஓரிடத்தில் மிஸ்லாஃப்,
நான்கு வரி தள்ளி வெறும் மில்.
குளிரோ பசியோ,
சிலரை முதலெழுத்தோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.
வைதுகொண்டேதான் வாசிக்கிறேன்.
அவன் இல்லையென்றால்
இவர்களில் ஒருவரும் இல்லை.

ஸ்லாவ் என்றால் புகழ். மிர் என்றால் அமைதி.
ஒரு கோழிக்கு வக்கில்லாதவர்களும்
இரண்டையும் பெயரில் வைத்திருந்தார்கள்,
அதற்கு வரி இல்லை என்பதாலோ என்னவோ.

பதினேழாம் வரியில் அவன்: நேமோய்.
நே, அல்ல. மோய், என்னுடையவன்.
இரண்டு கோழி, அரைக் குடம் தேன்.

சாவு வாசலில் வந்து கேட்டால்
சொல்வதற்கு வைத்த பதில் இது என்று
எனக்கு முன்னால் இதைத் தோண்டியவர்கள் சொல்கிறார்கள்.
இரண்டு மூன்றைப் பறிகொடுத்தவள்
அடுத்ததற்கு இடும் பெயர்.
நெக்ராஸ், அழகில்லாதவன்.
நெலூப், யாருக்கும் பிடிக்காதவன்.
கண்படாமல் இருக்கக் கன்னத்தில் தீற்றிய கரி.
நானும் அப்படித்தான் எழுதினேன்,
ஒன்பது பக்கம், நாற்பத்து மூன்று அடிக்குறிப்பு.

உணவறையில் மியர்ச்சின் கேட்டான்.
ஏடுகளுக்கு ஒட்டுப்போடுகிறவன்,
விரல் நுனியில் எப்போதும் காய்ந்த பசை.
"முதலில் அது பெயர்தானா?
துறவி முற்றத்தில் நிற்கிறான், கையில் கணக்கு.
ஒரு பையன் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான்.
இவன் யாருடையவன் என்கிறான் துறவி.
தலைக்கு இவ்வளவு என்று வரி.
அவள் என்ன சொல்வாள், சொல்லு?"
சொல்லிவிட்டு ரொட்டியைச் சூப்பில் முக்கினான்.
என் ஒன்பது பக்கமும் அதோடு சேர்ந்து ஊறியது.

மத்தியானம் பூதக்கண்ணாடியோடு திரும்பிப் போனேன்.
நேவுக்கும் மோய்க்கும் நடுவில்
ஒரு பேன் படுக்கிற அளவு இடைவெளி.
இறகில் மை தீர்ந்ததா,
இரண்டு சொல் என்று கேட்டானா,
அவள்தான் நடுவில் தயங்கினாளா.

நூலக அட்டையில் நான் ஆக்னெஸ். வீட்டில் ஹாஞ்ஜா.
அம்மா ஹாஞ்ஜா என்றுதான் சொன்னாளாம்.
பதிவு அலுவலகத்தில் இருந்தவர்
"அதாவது ஆக்னெஸ்" என்று எழுதி, முத்திரை குத்தி,
அடுத்தவரைக் கூப்பிட்டாராம்.
இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.
ஒன்றுக்கு மட்டும் அரை நொடி தாமதமாக.

மூன்றாம் வாரம் இன்னொரு ஏடு கிடைத்தது.
முப்பது வருடம் பிந்தியது, வேறு கை, ஒழுங்கான கை.
'நேமோயின் மகன் மோயெக்.'
மோயெக் என்றால் என்னுடைய குட்டி.
முழுக் குடம் தேன் கொடுத்திருக்கிறான்.

அதே நேமோய்தானா?
ஊர்ப் பெயர் இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது.
பூச்சிக்கு எந்த ஊர் என்று தெரியும்.
மியர்ச்சினைத் தேடிப் போனேன், ஐந்தரை மணி,
பசைக்கிண்ணத்தை மூடிவிட்டுக் கிளம்பியிருந்தான்.
நாற்பத்து நான்காம் அடிக்குறிப்பில்
'உறுதியில்லை' என்று தட்டினேன்.
அழித்தேன். மறுபடி அதையே தட்டினேன்.

வாசக அறையில் பேசக் கூடாது.
ஆள் யாரும் இல்லை, ஜன்னலுக்குக் கீழே ஸ்ப்ரே ஆறு.
பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்,
முற்றத்தில் நிற்பவனுக்குக் கேட்கிற அளவில்,
பையனுக்குக் கேட்காத அளவில்.

அந்த வருடக் கணக்கில் கோழி இரண்டும் பாக்கி.