மூடி

லாஸ்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் அறை.
பதினாறு படி. எண்ணினேன்.
மூன்று வருடமாய் எதையாவது
எண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன்.

டாக்டர் இமெல்டா இரண்டு விரலைச் சேர்த்து
என் முகத்துக்கு முன்னால் நிறுத்துகிறார்.
"தலைய ஆட்டாதீங்க. கண்ணு மட்டும் போகட்டும்."
இடம். வலம். இடம். வலம்.

சிரிப்பு வந்துவிட்டது.
இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவனுக்கு
இது யாரென்று தெரியாதா?
வைப்பர்.

அன்றைக்கு என் பக்கத்து வைப்பர்
பாதி வழியில் நின்று யோசித்து யோசித்துத்தான் போனது.
டெப்போவில் எழுதிக் கொடுத்திருந்தேன்.
எழுதியதை யாரும் கிழிக்கவில்லை, படிக்கவுமில்லை.
ஐப்பசி மழை. கன்னியக்கோவில் தாண்டி
இருட்டுக்குள்ளிருந்து ஒரு சைக்கிள்

சத்தத்தைச் சொல்ல மாட்டேன்.
டாக்டரும் கேட்கவில்லை.
"சொல்லணும்னு இல்ல, பார்த்தா போதும்."
போலீசுக்குச் சொன்னது, வக்கீலுக்குச் சொன்னது,
சற்குணத்துக்கு விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னது,
சொல்லச் சொல்ல அது ஊறிய சோப்பு மாதிரி
கையில் நிற்காமல் போனது.
சொல்ல வேண்டாம் என்று
இப்போதுதான் ஒருவர் சொல்கிறார்.

முள்ளோடைப் பக்கம் என்றாலே
ஜனங்களுக்குச் சாராயக் கடைதான் ஞாபகம்.
ஊதச் சொன்னார்கள். ஊதினேன்.
காற்று மட்டும்தான் வந்தது.
கோர்ட்டும் அதையே எழுதியது, எட்டுப் பக்கத்தில்.
ஒரு பக்கமும் என் கண்ணுக்குள் நுழையவில்லை.
அங்கே ஏற்கெனவே ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது:

தூக்குவாளியின் மூடி.
ஹெட்லைட் வெளிச்சத்தில், ஈரத் தாரில்,
விளிம்பில் நின்று சுற்றுகிறது,
சுற்றுகிறது, விழவே இல்லை.
சாப்பாட்டுத் தட்டில் அது. சுவர்க் கடிகாரத்தில் அது.
மகள் ஒருநாள் மேசைமேல் காசைச் சுண்டிவிட்டாள்.
அறைந்துவிட்டேன்.

"உடம்புல எங்க இருக்கு?"
மணிக்கட்டில், என்றேன். ஸ்டியரிங் பிடிக்கிற இடம்.
"அதையும் கூட்டிக்கிட்டு வாங்க."

விரல் போகிறது, வருகிறது. நிற்கிறது.
மூச்சு விடச் சொல்கிறார்.
"இப்ப என்ன?"
அதே மூடி.
"சரி, அதோட போங்க."
"இப்ப?"
மழை.
"இப்ப?"
என் செருப்பு. ஒரு காலில் மட்டும்.
"இப்ப?"

இஞ்சித் துவையல் வாசனை.

இது எங்கே இருந்தது இத்தனை நாளும்?
நைட் ஷிப்டுக்குக் கட்டிக் கொடுத்த தயிர்சாதம்
ரோட்டில் கரைந்து ஓட, நான்
இறங்கி ஓடியிருக்கிறேன்.
ஓடியிருக்கிறேன்!
முட்டி போட்டு, சட்டையைக் கழற்றிச் சுருட்டி
அவர் தலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
பேர் என்னங்க என்று கேட்டிருக்கிறேன்.
கலியவரதன் என்றார், தெளிவாக,
ஏதோ ஆபீசில் சொல்வது போல.
சம்மனில் படித்த பெயர் என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடம். வலம்.
மூடி சாய்கிறது. தரையை நெருங்க நெருங்க
அதன் இரைச்சல் வேகமாகிறது.
எல்லா மூடிக்கும் அப்படித்தான், அடுப்படியில் பார்க்கலாம்.
கடைசியில் ஒரு நடுக்கம்.

படுத்துவிட்டது.
அதன்மேல் மழை பெய்கிறது.

கண்ணைத் துடைக்க டாக்டர் காகிதம் நீட்டினார்.
ஆண்பிள்ளை என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை,
நிறைய எடுத்தேன்.
அவர் வீட்டில் அந்தத் தூக்குவாளியை
இப்போது எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.
பதில் இல்லாத கேள்வி. எழுதிக்கொண்டார்.
அடுத்த வியாழன், மூன்று மணி.

கடலூர் பஸ். கண்டக்டர் தெரிந்த பையன்.
டிக்கெட் வேண்டாம் என்றான். வாங்கினேன்.
அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்.
ஜன்னலில் போஸ்ட் கம்பங்களைக் கண்
பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தது.
யாரும் விரல் காட்டவில்லை.

கன்னியக்கோவில் வந்தால் கண்ணை மூடி
எண்ண ஆரம்பிப்பேன்.
முள்ளோடை வரைக்கும் முந்நூற்றுச் சொச்சம்.
இன்றைக்கு எழுபதில் திறந்துவிட்டேன்.

ஒரு பரோட்டாக் கடை வந்திருக்கிறது அங்கே.
எத்தனை நாளாக இருக்கிறதோ.
பனியன் போட்ட ஒருவன்
மாவை வீசிக்கொண்டிருந்தான்.