வேலிமுத்ர

ஆரம்பாக்கம் தாண்டி, செக்போஸ்ட் தாண்டி,
தடாவில் எழும்பும் குடோனுக்கு நான்தான் ஸ்டோர்.
ஆணி, கட்டுக்கம்பி, கவர்பிளாக்,
பாலித்தீன் பிரிக்காத பதினெட்டு பெல்ட்.

ஆபீசர் கார் வரும் நாளில்தான் அவற்றுக்கு வெளிச்சம்.
அன்று ஹெல்மெட்டுகளும் மஞ்சளாக மேலேறும்,
நூற்றிப்பத்துத் தலைக்கு நாற்பது.
சாயங்காலம் எண்ணி வாங்கிப் பூட்டுவேன்.
ஒன்று குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அதனால் நானும்
கொடுக்காமலிருப்பதில் கெட்டிக்காரன்.

முனிரத்தினம் ஒருமுறை கேட்டான்,
இரண்டாம் தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்கிறபோது:
'ஓரத்துல ஒரு கம்பியாவது குறுக்கக் கட்டச் சொல்லுங்கண்ணா,
ஏரிக்காத்து முதுகுல கைவச்சுத் தள்ளுது.'
பெஞ்சலய்யாவிடம் சொன்னேன்.
'ஏமி காது' என்றார். ஒன்றும் ஆகாது.
மழைக்கும் அதுதான் சொல்வார்,
வராத சிமெண்ட் லாரிக்கும்.

செவ்வாய்க்கிழமை, நாலு பத்து.
பலகை விழுந்த சத்தம் என்றுதான் நினைத்தேன்.
மிக்சரை யாரும் நிறுத்தவில்லை,
அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

சூளூர்ப்பேட்டைக்கு டெம்போ வருவதற்குள்
ரிஜிஸ்டரோடு வந்தார் பெஞ்சலய்யா,
கையில் ஸ்டாம்ப் பேட்.
காலை எட்டு மணி, பெல்ட் ஒன்று, பெற்றுக்கொண்டேன்.
இப்படி ஒரு வரி.
'வேலிமுத்ர தீஸ்கோ.'

அவர் மொழியில் அது கைநாட்டு.
நான் பிறந்த பக்கம்
வேலி என்றால் ஆடு இறங்காமலிருக்கப் போடுவது.
இரண்டாம் தளத்து ஓரத்தில்
கேட்டும் போடாதது.

முனிரத்தினத்துக்கு நினைவு இருந்தது.
'காலு எங்கண்ணா இருக்கு' என்று கேட்டான்.
கட்டைவிரல் சூடாக இருந்தது,
சிமெண்ட் தின்ற வெடிப்புகளில் மை இறங்கியது.
எழுதத் தெரிந்தவன் அவன்.
சனிக்கிழமை சம்பள நோட்டில்
தன் பெயரை முழுசாக, நிதானமாக,
பின்னால் நிற்பவர்கள் திட்டத் திட்ட எழுதுவான்.
அந்த விரலைத்தான் நான் அழுத்தினேன்.
இதை யாரிடமும் மறைக்கப்போவதில்லை.

நேரம் எழுதும் கட்டத்தில் மட்டும்
என் கை எட்டு போடவில்லை.
மாலை 4.25 என்று போட்டது.
பெஞ்சலய்யா டெம்போவுக்கு வழிகாட்டப் போயிருந்தார்.
போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.
மறுநாள் அந்தத் தாளும் இல்லை, என் வேலையும் இல்லை.

தேசம்மா பையில் தமிழ்நாட்டு நலவாரிய அட்டை.
விழுந்தது எந்தப் பக்கம் என்று
மூன்று மேசைகளில் கேட்டுவிட்டார்கள்.
வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும்
'பெல்ட் குடுத்தீங்களாமே' என்றாள்.
திட்டவில்லை, கேட்டாள்.

போனை நீட்டினேன்.
நீல ரேகைக்குப் பக்கத்தில் அந்த எண்.
விரலால் பெரிதாக்கினாள்,
இன்னும் பெரிதாக்கினாள்,
ரேகை கலைந்து வெறும் புள்ளிகளாகும்வரை.
'நாலேகாலுக்கு எனக்குப் போன் வந்திச்சே' என்றாள்.