திருப்பிப் போட்டுப் பார்த்தது

ரோலா கடையில் நாற்பது பாக்கெட் சவர பிளேடு கேட்டதும்
கடைக்காரர் நிமிர்ந்தார்.
"சலூன் திறக்கிறீங்களா?"
இல்லை, வெளிச்சத்தைச் சிரைக்க, என்றேன்.
சிரித்துக்கொண்டே இரண்டு பாக்கெட் சும்மா போட்டார்.

அடுக்கி இறுக்கிய பிளேடு முனைகளுக்குள்
நுழைந்த ஒளி திரும்பி வராது.
கலத்தின் சுவரில் பட்டு எகிறும் வேண்டாத வெளிச்சம்
அங்கேயே சாக வேண்டும்.
எலக்ட்ரான் சிதறடித்தது மட்டும் எங்களுக்கு.
லேசர் அனுப்புவது லட்சம் கோடி கோடி,
எண்ணிக்கைக்கு வருவது சில ஆயிரம்.

மொத்தம் எவ்வளவு மின்சாரம் என்று
வெளியே சுற்றிய கம்பிச்சுருளே சொல்லிவிடும்.
உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு என்றால்
கையை விரிக்கும்.
மாலையில் துபாய் சாலையில் எத்தனை வண்டி என்று தெரிந்தவனிடம்
எந்தத் தடத்தில் என்று கேட்ட மாதிரி.

பிளாஸ்மாவில் ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்,
கண்ட திசையில்.
அந்தத் தறிகெட்ட ஓட்டத்துக்கு அடியில்
எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் லேசாகச் சாய்வதைத்தான்
மின்னோட்டம் என்கிறோம்.
நூற்றில் ஆறு பங்கு சாய்வு.
சிதறிய ஒளியின் நிறமாலை ஒரு குன்று.
அகலம், வெப்பம்.
குன்றே ஒரு நகக்கண் நகர்ந்திருந்தால்
அந்தக் கடுகளவு இடத்தில் ஓடுவது இவ்வளவு.

ஆகஸ்ட் பதினொன்று, இரவு இரண்டு மணி.
விளிம்பில் ஓட்டம், நடுவில் குழி.
எந்தக் கணக்கும் சொல்லாத குழி.
ஃபெபியோலா கத்தினாள்.
ஹமத் அல் ஷெஹி மந்தி சோறு வரவழைத்தார்.
நான் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன்.

மிஸ்பாஹ்தான், கையில் சோற்றோடு,
"ஓட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பாத்தாச்சா?"

திருப்பினோம்.
குழி இருந்த இடத்தில் மேடு.

திசை மாறினால் திசைதான் மாறணும்,
உருவம் எப்படி மாறும்?
யாரும் பேசவில்லை.
சோறு ஆறிப்போனது.
ஏசி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

நான்கு இரவுகள் தேடி, அகப்பட்டது:
நடு இடத்தைப் பார்க்கும் வடிகட்டிக் கண்ணாடி சாய்ந்திருந்தது,
அடியில் மடித்துச் செருகிய ஓர் அட்டை,
பிளேடு பாக்கெட் அட்டை.
ஏசித் தண்ணீர் படாமலிருக்கச் செருகியவன் நான்.
ஜூலையில். நன்றாக ஞாபகம் இருக்கிறது,
இப்போது.

அட்டையை எடுத்துவிட்டு இரு திசையிலும் சுட்டோம்.
கூட்டிப் பாதியாக்கினால் எங்கள் பிழை,
கழித்துப் பாதியாக்கினால் அதன் ஓட்டம்.
பிழை, பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.
ஓட்டம் நடுவில்தான் அதிகம்,
எல்லாப் புத்தகத்திலும் உள்ளபடியே.
ஹமத் தலையாட்டினார்.
இந்த முறை சோறு வரவில்லை.

சும்மா கிடைத்த இரண்டு பாக்கெட்
என் குளியலறையில்.
தினமும் இடது தாடையில், அதே இடத்தில் வெட்டுகிறது.
ஈரம் பூத்த கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால்
அங்கே நிற்பவனுக்கு
வலது.