ஒன்பதாவது குடம்

இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ,
அப்புறம் படகு.
எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்ட மூன்றே நிமிஷம்.
அதற்கே தீவு என்று பேர்.
அக்கரையில் புகைபோக்கிகள்
ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாமல்
புகைந்துகொண்டிருந்தன.

காசிமேட்டு ஐஸ் பேக்டரியில்
என் மேசைக்கு எதிர்மேசை அஞ்சலாட்சி.
"எங்க குப்பத்துக்கு ஒரு தபா வா, கொளம் கீது"
நாலு வருஷமாகச் சொல்கிறாள்.
படிக்கட்டும் பாசியும் உள்ள
ஏதோ கோயில் குளம் என்று
நானே நினைத்துக்கொண்டேன்.

கரை அரிக்கிறதென்று
லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்களாம்.
கொட்டியவர்கள் குளத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.
கடல்தான் நினைத்தது.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தலையைக் கொடுத்து
மணலைத் தோண்டித் தோண்டி
ஐந்து குளம்.
ஏத்தத்தில் நிரம்பும்,
வத்தத்தில் அப்படியே நிற்கும்.

பேரெல்லாம் பிள்ளைகள் வைத்தது.
தவலை.
டைனிங் ஹால்: சுற்றி உட்காரக் கல் இருக்கிறது.
இன்ஸ்பெக்டர்: பிடித்தால் விடாதாம், அங்கே போகாதே.
மல்லிகா: ஏன் என்று கேட்டேன், சிரித்தார்கள்.
ஐந்தாவது இந்தத் தையில்தான் உண்டானது,
இன்னும் பேரில்லை.

எனக்கு
தண்ணீர் என்றாலே எண்.
தண்டையார்பேட்டையில் லாரி வரும் நாளில்
வீட்டுக்கு எட்டுக் குடம்.
சோற்றுக்கு, குடிக்க, பாத்திரம் துலக்க,
ஆளுக்கு ஒன்றரை குளிக்க.
ஒன்பதாவதுக்கு அம்மா ஒருநாள்
எதிர்வீட்டு ரமீலாவின் முடியைப் பிடித்தாள்.
பிறகு இரண்டு பேருமே அழுதார்கள்,
குடம் யாருக்கும் இல்லை.

ஸ்டான்லியில்
பனிக்குடம் உடைந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னபோது
அந்த வலியிலும் மனசு எண்ணிற்று:
ஒன்பது.

தவலையின் மேல் மெல்லிசாகச் சாம்பல்.
பாலாடையை ஒதுக்குவதுபோல்
புறங்கையால் ஒதுக்கிவிட்டு இறங்கினாள் அஞ்சலாட்சி.
"இன்னிக்குக் கம்மி" என்றாள்.
நைட்டி சொறிமீன்போல ஊதி எழும்ப
அவள் நடுவில் நின்று கூப்பிட்டாள்.

நான் விளிம்பில் நின்று
இது எத்தனை லாரி இருக்கும் என்று
கணக்குப் போட்டேன்.
பழக்கம்.
ஏழுக்கு வந்தபோது
கல்லிடுக்கில் ஒரு அலை நுழைந்து
கணக்கைக் கலைத்தது.
மறுபடி போட்டேன்.
மறுபடி நுழைந்தது.

இறங்கினேன்.
கணுக்கால், முட்டி,
அதற்கு மேல் நான் நனைந்ததெல்லாம்
சொம்பு சொம்பாகத்தான்.
ஒரே சமயத்தில் இடுப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர் என்பது
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"ஒடம்ப உட்று. புட்ச்சிக்கினே இருந்தா
எப்டி மெதப்ப?"
முதுகுக்கடியில் அவள் உள்ளங்கை,
மீன் பெட்டி எண்ணி எண்ணிக் காய்த்தது.
எப்போது அதை எடுத்தாள் என்று தெரியவில்லை.
காது இரண்டும் மூழ்கியதும்
ஊர் அணைந்தது.
துறைமுகத்துக் கிரேன் ஒன்று
தலைகீழாக, மிக மெதுவாக,
எதையோ தூக்கிக்கொண்டு போனது.
என்னைத் தூக்கியது
கைக்கு ஒன்றும் சிக்காத ஒன்று.
எத்தனை நிமிஷம் என்று
கேட்காதீர்கள்.

படகில் திரும்பும்போது முழங்கையில்
பென்சிலால் கிழித்த மாதிரி கறுப்புக் கோடு.
துடைத்தேன், கோடு அகலமாயிற்று.
அஞ்சலாட்சி கட்டிக்கொடுத்த காரப்பொடி
பையில் நாறியது.

வீட்டில் மூன்று குடம் மீதி.
உப்பைக் கழுவ ஒன்றரை ஆகும்.
மூடியைத் திறந்தேன்,
பார்த்தேன்,
மூடினேன்.

காலையில் தலையணையில் வெள்ளையாக ஒரு வரி.
வலது காதிலிருந்து சூடாக
ஒரு சொட்டு இறங்கிற்று, லாரி வரிசையில் நிற்கையில்.
டோக்கன் பதினேழு.
பக்கத்தில் நின்ற என் மகன் லோகித்
மூக்கைச் சுளித்தான்.
"இன்னாம்மா, உன் மேல
கடல் நாறுது."
அவனிடம்
காலிக்குடத்தைக் கொடுத்தேன்.