ஒப்பீட்டுப் பெட்டி

கொல்லாத அளவு என்று ஒன்று உண்டு.
அதைத்தான் நான் கலக்குகிறேன்,
கோட்டாறில், மின்விசிறி முனகும் ஒரு மாடியறையில்.
நூறில் பத்துகூடச் சாகாத அளவு.
வாடைகூட வராது.

ஐஸ்கிரீம் டப்பா, மூடிக்கு வலைத்துணி,
உள்ளே மடித்துப் போட்ட ஒரு தாள்.
தாளின் நிழலில்
சிவப்பும் கறுப்புமாக அவள்.
புத்தகத்தில் லத்தீனில் நீளமாக ஒரு பெயர்.
செண்பகராமன்புதூரில் பயறுவிளை வைத்திருக்கும்
றோஸ்லெட்டுக்கு அவள் குத்தூசி.
என் நோட்டில் அ-7.

புழுவைப் போட்டதும் கடிகாரத்தை அழுத்துவேன்.
உணர்கொம்பு திரும்பும்.
முன்கால் எழும்பும்.
மார்புக்கடியில் மடக்கிய மூக்கு நிமிரும்.
குத்து.
நிறுத்துவேன்.

மருந்து தொட்ட அ-7 சாகவில்லை.
நன்றாகவே தின்றாள், இணைந்தாள்,
தாளுக்கடியில் முட்டைகளை
ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தி ஒட்டினாள்.
அறுபது வரவேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு.
வேறு குறை ஒன்றும் இல்லை என்று எழுதினேன்.

மகள்கள் மருந்தைக் கண்டதே இல்லை.
குடித்தது நான் பஞ்சில் நனைத்த வெள்ளம்,
தின்றது நான் கம்புமாவில் வளர்த்த புழு.
ஆனாலும் ஐந்தாவது சட்டையைக் கழற்றுகையில்
இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள்,
ஒரு கால் பழைய தோலுக்குள்ளேயே.

மகள்களின் மகள்கள் இருக்கும் டப்பாவில்
புழு அவர்கள் முதுகின்மேல் ஏறிப்போகிறது.
கடிகாரம் ஓடுகிறது.
ஜன்னலுக்குப் போய் வேளிமலையில் மழை இறங்குவதைப்
பார்த்துவிட்டு வந்தேன்.
இன்னும் ஓடுகிறது.
பதினொரு நிமிடம்.
பசி இருக்கிறது, மூக்கு இருக்கிறது, புழு இருக்கிறது.
அவற்றைக் கோக்கும் ஏதோ ஒன்று
இவர்கள் பிறப்பதற்கு முன்பே செலவாகிவிட்டது.

இதை நிரூபிக்க
மருந்தே அறியாத ஒரு குடும்பம் வேண்டும்,
பக்கத்தில் வைத்து அளக்க.
றோஸ்லெட் பிடித்து வைத்திருந்தாள்,
பிஸ்கட் டின்னில் பதினாறு பேர்.
அவர்களுக்கும் கடிகாரம்:
ஒன்பது. எட்டரை. பத்து.

பிழை என் விரலில் என்று நினைத்தேன்.
பிறகு பேட்டரியை மாற்றினேன்.
பிறகு போன் போட்டேன்.

"இந்தக் காய்ப்புக்கு அடிக்கவே இல்ல மக்கா.
போன காய்ப்புக்கு அசுவினி விழுந்தப்போ ரெண்டு மட்டம்.
அதும் லேசாத்தான்,
பாதி மூடி."

பாதி மூடி.
அந்த அளவு எனக்குத் தெரியும்.

ஆய்வு வழிகாட்டி ஜெபசீலன் சார் சொன்னார்:
"மேலே போய்ப் பாரும்மா."
ஞாயிறன்று டப்பாக்களுக்கு விடுமுறை கிடையாது.
காலைக் கணக்கை முடித்து, அடுத்த வாரத்துக்குக் கலக்கி வைத்து,
கீரிப்பாறை பஸ்ஸைப் பிடித்தேன்.
ரப்பர் முடிந்து, கிராம்பு முடிந்து,
அட்டை ஏறும் ஓடைக்கரையில்
இருபத்துமூன்றாவது கல்லைப் புரட்டியபோது
இருந்தாள்.

சின்னக் குப்பியிலிருந்து புழுவை விட்டேன்.
கடிகாரத்தை எடுக்கக் கை பைக்குள் போனது.
அவ்வளவுதான். குத்தி முடித்திருந்தாள்.
புழு ஒருமுறை சுருண்டது.
எழுத எண் இல்லை. கட்டம் காலியாகவே இருக்கிறது.

பிடிக்கத்தான் போனேன்.
பிடிக்கவில்லை.
கல்லை இருந்தபடியே
மெதுவாக, இரண்டு கையாலும்,
விளிம்பை விரலால் தடவிப் பொருத்தி
மூடி வைத்தேன்.

பூதப்பாண்டி தாண்டும்போது
பக்கத்து சீட்டுக் குழந்தை முறுக்கு நீட்டியது.
வாங்கக் கை நீட்டியவள்
பாதியில் நின்றேன்.

காலையில் கலக்கிய கை.
கழுவியதாக நினைவில்லை.